ரிசர்விஸ்ட் அழைப்புக்கு நடுவே மனிதவளத் தேர்வு

எனக்கு வேலை மனிதவளத் துறையில். ஆண்டில் சில வாரங்கள் சிங்கப்பூரின் துவாஸ் கடற்படைத் தளத்தில் ரிசர்விஸ்ட் அதிகாரி, அதாவது தேசிய சேவை முடித்தபின் மீண்டும் பணிக்கு அழைக்கப்படுபவர். இதற்கிடையில்தான் மனிதவளத் துறையினருக்கான ஐஎச்ஆர்பி (IHRP) சான்றிதழுக்குப் படித்தேன். "அண்ணே, எங்கிருந்து தொடங்குவது?" என்று படைப்பிரிவுத் தம்பி ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

வேலை நியமனச் சட்டத்தில் தொடங்குங்கள், ஆனால் எண்களில் தொடங்காதீர்கள். மருத்துவ விடுப்பு 14 நாள், வாரத்துக்கு 44 மணி நேரம், கூடுதல் வேலை மாதத்துக்கு 72 மணி நேரம் என்று முதல் மாதம் முழுவதும் மனப்பாடம் செய்தேன். பயிற்சித்தாளில் சரக்குக் கப்பல் மாலுமி ஒருவரின் கூடுதல் நேரச் சம்பளம் பற்றி ஒரு கேள்வி வந்தது. பக்கம் நிறையக் கணக்குப் போட்டேன். ஒரு மதிப்பெண்கூட இல்லை. கடலோடிகள் அந்தச் சட்டத்துக்குள் வருவதே இல்லை; அவர்களுக்கு 2014ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சட்டம் தனியாக இருக்கிறது. இல்லப் பணிப்பெண்களும் அரசாங்க ஊழியர்களும்கூட அதற்கு வெளியேதான். கடற்படைச் சீருடை அணிகிற நானே இதைத் தவறவிட்டது இன்னும் உறுத்துகிறது.

அதன்பிறகு எந்தப் பிரிவைப் படித்தாலும் "இது யாருக்கு?" என்பதே என் முதல் கேள்வி. 2019 ஏப்ரலிலிருந்து மேலாளர்கள் எல்லாரும் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் வேலை நேரம் பற்றிய நான்காம் பகுதி அவர்களுக்கு இல்லை. உடலுழைப்புத் தொழிலாளருக்கு மாதச் சம்பளம் 4,500 வெள்ளி, மற்ற ஊழியருக்கு 2,600 வெள்ளி வரைதான் அது செல்லும்.

கூடுதல் நேரச் சம்பளக் கணக்குக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தை 52 வாரம், 44 மணி நேரம் இரண்டின் பெருக்கலால் வகுக்க வேண்டும். அந்தப் பெருக்கல் 2,288. எனவே மாதம் 2,288 வெள்ளி வாங்குபவருக்கு மணிக்குச் சரியாக 12 வெள்ளி. ஒன்றரை மடங்கில் கூடுதல் நேரத்துக்கு 18 வெள்ளி. இது மனத்தில் நின்றால் வேறு எந்தச் சம்பளமும் பயமுறுத்தாது.

தேசிய சேவை ஊதிய ஈட்டை நீங்கள் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. ரிசர்விஸ்ட் சென்றவரின் சம்பளத்தை நிறுவனம் கொடுத்துவிட்டுத் தற்காப்பு அமைச்சிடமிருந்து திரும்பப் பெறுவதை உங்கள் சம்பளச் சீட்டிலேயே பாருங்கள். அதைச் சக மாணவர்களுக்கு விளக்கியபோதுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது.

கப்பலில் கைப்பேசியை நம்பாதீர்கள். கரை மறைந்தால் சிக்னலும் மறையும். கெட்டி அட்டைகளில் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரவுக் காவல் முடிந்து வந்தால் படிக்காமல் தூங்குங்கள். கண் செருகும்போது படித்த எதுவும் எனக்குத் தங்கியதில்லை.

ஆண்டுக்கு 40 நாள் வரை அழைப்பு வரலாம், அதிகாரிகளுக்கு 50 வயதுவரை. தேர்வு நாளோடு மோதினால் சேவையை ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம். நான் விண்ணப்பிக்கவில்லை. என் இடத்தில் இன்னொருவர் இரட்டைக் காவல் நின்றிருப்பார். அடுத்த சுற்றில் தேர்வு எழுதினேன்.