குஷன் உறைக்கு ஓபிப் பட்டு: வெட்டுவதற்கு முன்

பழைய ஜப்பானியப் பட்டில் குஷன் உறை தைக்க நினைப்பவர்கள் முதலில் கிமோனோவைத்தான் தேடுகிறார்கள். ஆனால் சிங்கப்பூரின் ஈரக்காற்றுக்கும் நாள் முழுக்க சாய்ந்து உட்காரும் சோபாவுக்கும், கிமோனோவின் மேல் கட்டும் இடைக்கச்சையான ஓபிதான் சரி. இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டுவதற்கென்றே அடர்த்தியாக நெய்த துணி அது. கியோட்டோவின் நிஷிஜின் நெசவைக் கையில் எடுத்தால் நம் காஞ்சிபுரத்து முந்தானையின் கனம் தெரியும்.

ஓபி வகைகளில் ஒன்றான ஃபுகுரோ ஓபி ஏறக்குறைய 31 செ.மீ. அகலம், 4 மீட்டருக்கு மேல் நீளம். ‘ரொக்குட்சூ’ வகையில் நீளத்தின் 60 சதவீதத்துக்குத்தான் வேலைப்பாடு. கட்டும்போது மறையும் இடம் வெறுமையாக இருக்கும். 51 செ.மீ. துண்டாகக் கணக்கிட்டால் நான்கு குஷன் முகப்புகள் தேறும். வாங்கும்போது முழு நீளத்தையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து சோதனை. துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் ஊசிமுனை அளவு புள்ளிகளாக வெளிச்சம் கசிந்தால் அங்கே இழை இற்றுவிட்டது. பிறகு இரண்டு கட்டைவிரலையும் 3 செ.மீ. இடைவெளியில் வைத்து, ஊடைவாக்கில் (குறுக்கிழை ஓடும் திசையில்) மெதுவாக இழுங்கள். காய்ந்த இலை நொறுங்குவதுபோல் ஒரு சன்னமான சத்தம் வந்தால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள், அதில் எவ்வளவு அழகான கொக்கு வேலைப்பாடு இருந்தாலும். இரும்பு உப்பு சேர்த்த கறுப்புச் சாயத்தில் தோய்ந்த பழைய பட்டில் இது அடிக்கடி நடக்கும்.

தையலைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் விறைப்பான பருத்தித் துணியை எடுத்துவிடுங்கள். ஈரம் தங்குவதும் பூஞ்சை வாடை வருவதும் அதில்தான். பட்டை இரண்டு மூன்று நாள் நிழலில், மின்விசிறிக் காற்றில் தொங்கவிட்டால் அந்துருண்டை வாடை குறையும். நனைக்க வேண்டாம். பழைய சரிகைகளில் பல, காகிதத்தில் ஒட்டிய தங்கத்தகடு. தண்ணீர் பட்டால் உரியும். சிரிமென் என்னும் சுருக்கப் பட்டோ நனைந்தால் நன்றாகவே சுருங்கிவிடும்.

பின்புறம் ஒட்டுத்துணி (இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் துணி) கொடுக்காமல் தைப்பதுதான் பெரிய தவறு. மெல்லிய நெய்த பருத்தி ஒட்டுத்துணியைப் பட்டின் பின்பக்கம் வைத்து, நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியை அழுத்தி எடுத்து அடுத்த இடத்துக்குப் போங்கள். தேய்த்தால் இழை கோணும். முதலில் ஓரத்துண்டு ஒன்றில் ஒட்டிப்பார்ப்பது கட்டாயம்.

அளவு: 31 × 51 செ.மீ. வெட்டி, சுற்றிலும் 1 செ.மீ. தையலுக்கு விட்டால் 29 × 49 வரும். அதற்குள் 30 × 50 திண்டு வைத்தால் உறை தொய்யாது. பின்பக்கத்துக்கு அரபு ஸ்திரீட்டில் கிடைக்கும் கனமான பருத்தி போதும். அந்தப் பருத்தியைத் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். இறகுத் திண்டு இங்கே ஈரவாடை பிடிக்கும், பாலியெஸ்டர் பஞ்சே நல்லது. 70 எண் ஊசி, 2.5 மி.மீ. தையல். குண்டூசியைத் தையலுக்கு விட்ட ஓரத்தில் மட்டும் குத்துங்கள், பட்டில் விழுந்த துளை மூடாது. மூலையை நெருங்கும்போது அரை செ.மீ. உள்ளே சாய்த்துத் தைத்தால் முனை காதுபோல் நீட்டிக்கொள்ளாது.

ஜிப் அடிப்பக்கத்தில், 40 செ.மீ. முதலில் கிழிவது எப்போதும் அதன் இரு முனைகளும்தான், அங்கே 2.5 செ.மீ. பருத்திப் பட்டி ஒன்றைச் சேர்த்துத் தையுங்கள். மேற்கு வெயில் விழும் சன்னல் பக்கம் வைக்க வேண்டாம். உறை அழுக்கானால் உலர்சலவைக்குக் கொடுங்கள், சரிகை இருப்பதை மட்டும் சொல்லிவிட்டு.