71 வயது அம்மாவோடு மசாய் மாரா

மசாய் மாரா கென்யாவில் இருக்கும் வனவிலங்குக் காப்பகம். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களிடம் கென்யா மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டையைக் கேட்பதில்லை. திரும்பி வரும்போது நம்ம ஊரில்தான் கேட்பார்கள். இது புரியவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்தக் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து அட்டை இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனியாக வைத்துவிடலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டையும் செல்லும். அதனால் வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் விமான டிக்கெட்டுக்கு முன்னால் இந்த ஊசியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

ஏனென்றால் இது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸை வைத்துப் போடும் ஊசி. அரிதாக வரும் கடுமையான பக்கவிளைவுகள் 60 தாண்டியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். எங்கள் குடும்ப டாக்டர் அம்மாவின் பழைய ரிப்போர்ட்டையெல்லாம் புரட்டிப் பார்த்து, ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டுத்தான் கடிதம் கொடுத்தார். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் இலங்கையில் யாலா காட்டுக்குச் சிறுத்தை பார்க்கப் போவதாக இருந்தோம். அதற்கு இந்த ஊசியே தேவையில்லை.

இந்த ஊசியை அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். முதல் தடவை நான் பாஸ்போர்ட் ஜெராக்ஸோடு போய் நின்றேன். ஒரிஜினல் இல்லாமல் முடியாது, அட்டையில் அந்த எண்ணை எழுத வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால் ஆட்களைச் சேர்த்துக் குறிப்பிட்ட நாட்களில்தான் போடுகிறார்கள். ஆக, என் தப்பால் ஒரு வாரம் போனது.

இரண்டாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. அங்கிருந்த டாக்டர் கேட்டார்: "அம்மா, உங்களுக்கு முட்டை ஒத்துக்குமா?"

"சாப்பிட்டதே இல்லையே."

கோழிக்கருவில் வளர்த்து எடுக்கும் மருந்து அது. முட்டை அலர்ஜி இருந்தால் போட மாட்டார்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வேறு வழியில்லை. "கேக் சாப்பிடுவாங்க டாக்டர். ஒண்ணும் பண்ணினதில்லை" என்றேன். பேரன் பிறந்தநாளுக்கு வாங்கும் கேக்கை முட்டை போடாதது என்று சொல்லித்தான் எட்டு வருஷமாக அம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஊசி போட்டாயிற்று. ஆட்டோவில் சைதாப்பேட்டை தாண்டும் வரை அம்மா என்னோடு பேசவில்லை.

விசா வேலை சுலபம். 2024 ஜனவரியிலிருந்து கென்யா விசாவுக்குப் பதிலாக இடிஏ என்ற ஆன்லைன் அனுமதி கொடுக்கிறது. அரசுத் தளத்திலேயே போடுங்கள், அதே மாதிரி தெரியும் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன.

எந்த மாதம் போவது என்பதில்தான் வீட்டில் சண்டை. வில்டபீஸ்ட் என்ற காட்டு மாடுகள் கூட்டமாக ஆற்றைத் தாண்டுவது ஜூலையிலிருந்து அக்டோபர் வரை என்பதால் எல்லோரும் அப்போதுதான் போகிறார்கள். ஆனால் வெளிநாட்டவருக்கு மாரா நுழைவுக் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100. ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு மணிக்கணக்காகக் காத்திருப்பதை அம்மாவின் முதுகு தாங்காது. பிப்ரவரியில் போனோம். சிங்கமும் யானையும் வருஷம் முழுக்க அங்கேதான் இருக்கின்றன.

மிச்சமான பணத்தை இரண்டு விஷயத்தில் போட்டேன். நைரோபியிலிருந்து சாலையில் ஐந்தாறு மணி நேரம் குலுங்கிப் போகாமல், வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானம். முக்கால் மணி நேரம்தான். ஆனால் ஆளுக்கு 15 கிலோ, அதுவும் துணிப் பையில். அம்மாவின் முறுக்கு அதில் ஒரு கிலோ. கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் தடை என்பதால் முறுக்கு எவர்சில்வர் சம்படத்துக்கு மாறியது, எடை இன்னும் ஏறியது. இரண்டாவது, எங்களுக்கென்று தனி ஜீப். கூடாரம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, வண்டியைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள். அம்மா களைத்தால் உடனே திரும்ப வேண்டும், அதற்கு இன்னும் நாலு பேரிடம் அனுமதி கேட்க முடியாது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் பாத்ரூம். புல்வெளிக்குள் போய்விட்டால் கழிப்பறை கிடைப்பது அபூர்வம். டிரைவர் நாலு பக்கமும் பார்த்து, சரி என்றதும் ஜீப்புக்குப் பின்னால் போக வேண்டியதுதான். அப்பாவின் பழைய வேட்டியை நான் திரையாகப் பிடித்துக்கொள்வேன். அம்மாவின் பிரஷர் மாத்திரைகளில் ஒன்று நீர் பிரிய வைப்பது. ஊரிலேயே டாக்டரைக் கேட்டு, அதைக் காலைச் சுற்று முடிந்து வந்தபின் போடுவதாக மாற்றிக்கொண்டோம். நீங்களாக மாற்றிவிடாதீர்கள். வண்டியில் ஏற ஒரு முக்காலியும் முகாமில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள் காலை ஒரு பெண் சிங்கம் வந்து எங்கள் ஜீப்பின் நிழலிலேயே படுத்தது. மூச்சு விடும்போது விலா ஏறி இறங்குவது தெரிந்தது. நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அம்மா அதை ஒரு நிமிஷம் பார்த்தாள், அப்புறம் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அங்கே கொஞ்ச தூரத்தில் இரண்டு காட்டுப்பன்றிகள். வார்ட்ஹாக் என்கிறார்கள், சுவாஹிலியில் ங்கிரி. முன்னங்கால்களை மடித்து, மண்டியிட்டபடியே நகர்ந்து நகர்ந்து மேய்ந்துகொண்டிருந்தன.

"ஏண்டி, அதுக்கு முட்டி வலிக்காதா?"

மூட்டுத் தேய்மானம் உள்ளவளின் கேள்வி. நான் டிரைவரிடம் கேட்டேன். அது முட்டியே இல்லை, மணிக்கட்டு மாதிரி, அந்த இடத்தில் தடித்த தோல் இருக்கிறது என்று தன் கையை மடித்துக் காட்டினார். அம்மாவும் கையை மடித்துப் பார்த்துக்கொண்டாள். "கொடுத்து வச்சது" என்றாள். அதற்குப் பிறகு மூன்று நாளும் பன்றியைக் கண்டால் வண்டி நிற்க வேண்டும்.

மும்பையில் இறங்கியதும் அட்டையைக் கேட்டார்கள். அம்மா சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அரை நிமிஷத்தில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். "இதுக்கா இவ்வளவு?" என்றாள். அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும் என்றதும் வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்துவிட்டாள்.

கேக் விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. இந்த வருஷம் பேரன் பிறந்தநாளுக்குக் கேசரி.