மூன்று புள்ளிகள்

எங்கள் அச்சகத்துக்குப் போதகர் ஐயா கொண்டுவந்த தேர்தல் நோட்டீஸில் வேட்பாளர் படம், மேலே ‘நம் காலத்துக் கோரேஸ்’, கீழே கோரேஸ் ராஜாவிடம் தேவன் பேசும் வேத வசனம், ஏசாயா 45:4. ‘நான் உன்னைப் பெயர்சொல்லி அழைத்து... உனக்கு நாமம் தரித்தேன்.’

ப்ரூஃப் பார்த்தவன் நான். ஐயாவின் சபைக்காரனும்கூட. புள்ளி வைத்த இடத்தில் இருக்க வேண்டியது ‘நீ என்னை அறியாதிருந்தும்’. சொன்னேன்.

“தெரியும் தம்பி. இப்போ பார்த்தா புள்ளி ஏதோ மறைக்கிற மாதிரி இருக்கு. அதையும் எடுத்திரு.”

எடுத்தேன். வசனம் ஒட்டிக்கொண்டது. வெட்டின இடமே தெரியவில்லை.

காரைக்குடியில் சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) பத்திரிகையில் ஒரு இனிஷியல் விட்டுப்போனாலும் மறுபடி அடித்துக் கொடுப்போம். வேதத்தில் மூன்று வார்த்தை போனதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வாடிக்கையாளர் கொடுத்ததைத்தானே அடிக்க முடியும்? போதகருக்கு நான் வசனம் சொல்லித்தருவதா?

ஐயா பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கோரேஸ் பாரசீக ராஜா. கி.மு. 539-ல் பாபிலோனைப் பிடித்து, சிறைப்பட்டிருந்த யூதர்கள் எருசலேமுக்குத் திரும்பி ஆலயம் கட்ட வழிவிட்டவர். விசுவாசி அல்லாதவரையும் தேவன் எடுத்துப் பயன்படுத்துவார் என்பது ஐயாவின் வாதம். அமெரிக்காவிலும் டிரம்பை இப்படித்தான் கோரேஸ் என்றார்கள். இருவர் முகமும் போட்ட நாணயமே 2018-ல் இஸ்ரேலில் வந்தது.

சரி, அப்படியென்றால் அந்த மூன்று வார்த்தைதானே வாதத்துக்கே ஆதாரம்? அது இருந்தால் வேட்பாளர் மனம் கோணும் என்று எடுத்தாரோ என்னவோ. எடுத்ததும் பொருளே மாறிவிட்டது. ‘உனக்கு என்னைத் தெரியாது, வேலையை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்’ என்று ராஜாவை நிற்கவைத்த வசனம், ராஜாவுக்குப் போட்ட மாலையாகிவிட்டது.

அப்புறம்தான் படித்தேன். 1879-ல் பாபிலோனில் கிடைத்த கோரேசின் களிமண் உருளையில், அவரைப் பெயர்சொல்லி அழைத்தது பாபிலோனியரின் மர்தூக் தெய்வம் என்று இருக்கிறதாம். ஏசாயா சொன்னது சரிதான், அவர் கர்த்தரை அறியவில்லை. அறியாதவர் என்பதை ஏசாயா மறைக்கவும் இல்லை. நாங்கள்தான் மறைத்தோம்.

தேர்தல் நோட்டீஸில் அச்சகத்தின் பெயர் போட வேண்டும் என்பது சட்டம். எங்கள் பெயரும் அடியில் இருந்தது.

சபையில் ஒருவர்கூட அந்த வசனத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஐயா சொன்னார் என்றுதான் சொல்லியிருப்பேன்.