ஊரில் இருந்தபடி லண்டன் கார் நம்பரை மகளுக்குக் கொடுத்த அனுபவம்

பிரிட்டனில் காரை விற்றுவிட்டு யாழ்ப்பாணத்தோடு வந்திருப்பவர்கள் சிலரிடம் அங்கே காசு கொடுத்து வாங்கிய சொந்த நம்பர் இருக்கும். அதை என்ன செய்வது என்று கொக்குவிலில் இருக்கும் என்னிடம் சிலர் விசாரித்தார்கள். நான் செய்ததை எழுதுகிறேன்.

எங்கள் நாட்டில் நம்பர் வாகனத்தோடேயே போய்விடும். ஐயாவின் மொறிஸ் மைனருக்கு, இலங்கை நம்பர்களில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய ‘ஈவை’ (EY) நம்பர். காரை விற்ற அன்றே அதுவும் போய்விட்டது. பிரிட்டனின் பழைய நம்பர்களிலும் இரண்டு எழுத்தும் பின்னால் இலக்கமுமாக வருபவை உண்டு. அங்கே ‘ஈவை’ ஆங்கிள்சி தீவுக்குரியது. ஐயாவின் நம்பருக்குக் கிட்டவாக ஒன்று விற்பனைக்கு வந்ததும் வாங்கிவிட்டேன். இந்த வகை நம்பரில் வருடம் தெரியாது, எந்தக் காருக்கும் போடலாம். வருடம் காட்டும் நம்பரென்றால், கார் உள்ள வயதைவிடப் புதிதாகத் தெரியும்படி போட முடியாது.

ஊருக்கு வரும் முடிவு எடுத்ததும் முதல் வேலையாக நம்பரைக் காரிலிருந்து கழற்றினேன். கழற்றாமல் காரை விற்றாலோ உடைக்கக் கொடுத்தாலோ நம்பரும் கூடவே போய்விடும். பிறகு அழுதும் பயனில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் இழந்தார். வாங்கிய வியாபாரி திருப்பிக் கொடுக்கவில்லை, சட்டமும் வியாபாரி பக்கம்தான். லொக்புக்கை, அதாவது காரின் பதிவுப் பத்திரத்தை, கையில் வைத்துக்கொண்டு, அங்கத்தைய வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏயின் இணையத்தில் 80 பவுண்ஸ் கட்டினால் போதும். காருக்கு வேறு நம்பர் கிடைக்கும், எங்களுக்கு வி778 என்ற பத்திரம் தபாலில் வரும். அந்தப் பத்திரம்தான் உரிமை. கழற்றி வைத்த பிளேட்டுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

பத்திரத்தின் ஆயுள் 10 வருடம். 2015க்கு முன் வருடாவருடம் 25 பவுண்ஸ் கட்டிப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது புதுப்பிக்கக் காசில்லை. ஆனால் முடிவுத் திகதி தாண்டினால் உரிமை நிரந்தரமாகப் போய்விடும். அதற்கு முந்திய 28 நாளுக்குள்தான் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். லண்டன் விலாசத்துக்கு வரும் கடிதத்தை நம்பி இங்கே இருக்கக்கூடாது. நான் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் திகதியை ஒட்டி வைத்திருந்தேன்.

போன கோடையில் மகள் தன் காருக்கு அதைக் கேட்டாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். பேத்தியின் நம்பரைப் பார்த்தால் ஐயா என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இணையச் சேவை அங்கத்தைய நேரம் காலை 7 முதல் மாலை 7 வரைதான், கோடையில் எங்களுக்குப் பகல் பதினொன்றரைக்குத்தான் திறக்கும். மகள் வாட்ஸ்அப்பில் தன் லொக்புக்கின் 11 இலக்கத்தை வாசிக்க, நான் என் பத்திர இலக்கத்தோடு சேர்த்துப் பதிந்தேன். காசு கேட்கவில்லை, முன்பு கட்டிய 80இல் இதுவும் அடக்கம்.

புதிய பிளேட்டைப் பதிவுபெற்ற கடையில்தான் செய்விக்க வேண்டும். அடையாள அட்டையும் உரிமைப் பத்திரமும் காட்டாமல் செய்து தரமாட்டார்கள். இன்சூரன்சுக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று: காரில் ஏறிய கணத்திலேயே நம்பர் அந்தக் காரின் பதிவுப் பெயர்க்காரருக்குச் சொந்தமாகிவிடும். எனக்கு இனி அதில் உரிமை இல்லை. மகள் காரை மாற்றும்போது, விற்பதற்கு முன் அவளே 80 பவுண்ஸ் கட்டிக் கழற்றி வைக்க வேண்டும். அதை அவளுக்கு எழுதியும் அனுப்பிவிட்டேன்.