மூன்று மாத்திரைக்கும் இறங்காத பிபி: என் ஸ்லீப் ஸ்டடி அனுபவம்

எனக்கு 53 வயது. நங்கநல்லூரில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. மூன்று வகை பிபி மாத்திரை போட்டும் காலையில் 160-க்குக் கீழே இறங்கவே இல்லை. வழக்கமாகப் போகும் கிளினிக்கில், "மாதவிடாய் நின்ற வயசு, டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லி நான்காவது மாத்திரையும் எழுதினார்கள். எழுந்ததும் தலைவலி, பகல் முழுக்க அசதி, ராத்திரி சிறுநீருக்காகத் திரும்பத் திரும்ப எழுந்திருப்பது. இவற்றை ஒன்றாகச் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை. பெண்கள் குறட்டை விடுவதை டாக்டரிடம் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம், அவர்களும் கேட்பதில்லை. எனக்கு இருந்தது ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் தொண்டை மூடி மூச்சு நின்று நின்று வரும் நோய். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் இந்த நோய் அதிகமாக வருகிறது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

மகள் வற்புறுத்தி ஓர் இதய டாக்டரிடம் அழைத்துப்போனாள். அவர் மாத்திரையை மாற்றவில்லை. 24 மணி நேரமும் பிபி எடுக்கும் கருவியைக் கையில் கட்டி அனுப்பினார். தூங்கும்போது பிபி 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டுமாம். எனக்கு இறங்கவில்லை, விடியற்காலையில் ஏறியும் இருந்தது. "தூக்கத்துல மூச்சு நின்னு போகுதுன்னு வீட்ல யாராவது சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார். "நின்னு போயிடும் டாக்டர், அப்புறம் திணறிட்டுப் புரண்டு படுப்பாங்க" என்று மகள் சொன்னாள். உடனே ஸ்லீப் ஸ்டடிக்கு, அதாவது ராத்திரி தூங்கும்போது மூச்சையும் துடிப்பையும் பதிவு செய்யும் பரிசோதனைக்கு, எழுதிக் கொடுத்துவிட்டார்.

போகிறவர்களுக்கு: அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், சென்சார் ஒட்டாது. நகப்பூச்சு வேண்டாம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் தவறாகக் காட்டலாம். மதியத்துக்கு மேல் காபியும் கூடாது. தலை, கண்ணோரம், தாடை, கால் என்று ஒயர்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட். மூக்கில் சின்னக் குழாய். இத்தனையோடு எப்படித் தூங்குவது என்று கேட்டேன். "தூங்கிடுவீங்கம்மா, எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க" என்றார் டெக்னீஷியன் தம்பி. தூங்கிவிட்டேன்.

ரிப்போர்ட்டில் மணிக்கு 38 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி. மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30-ஐத் தொட்டாலே தீவிரம். ஆனால் என்னை உலுக்கியது அந்த எண் இல்லை, டாக்டர் திரையில் காட்டிய இதயத்துடிப்புக் கோடு. மூச்சு நிற்கும்போது துடிப்பு 55-க்கு இறங்குகிறது, மூச்சு திரும்பும்போது 100-ஐத் தாண்டுகிறது. ராத்திரி முழுக்க இப்படியே ஏறி இறங்குகிறது.

அவர் விளக்கியது இது. தொண்டை மூடிக்கொண்டதும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது. கழுத்தில் ரத்தக்குழாய் பிரியும் இடத்தில் அரிசி அளவே உள்ள கரோட்டிட் பாடி அதை உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. உடனே பரிவு நரம்புகள் (ஆபத்து நேரத்தில் உடம்பை உஷார்படுத்துபவை) உடம்பெங்கும் ரத்தக்குழாய்களை இறுக்குகின்றன. காற்று போகாத அந்த நேரத்தில் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணித்துப் பிடிக்கிறது. மூளை சட்டென்று விழித்துத் தொண்டையைத் திறந்ததும் வேகஸின் பிடி விட்டுப்போகிறது. இதயம் வேகமெடுக்கிறது, ரத்தக்குழாய்களோ இன்னும் இறுகியே இருக்கின்றன. பிபி எகிறுவது அந்த நொடியில்தான்.

"சரி டாக்டர், அது ராத்திரி. பகல்ல ஏன் பிபி இறங்கலை?" என்றேன். பல வருடம் இப்படியே போனால் பரிவு நரம்புகள் விழித்திருக்கும்போதும் அடங்குவதில்லையாம். 1995-இல் விரேந்த் சோமர்ஸும் அவர் குழுவினரும் இந்த நோயாளிகளின் கால் நரம்பில் மெல்லிய ஊசி வைத்து இதை நேரடியாக அளந்திருக்கிறார்கள். விழித்து, இயல்பாக மூச்சு விடும்போதும் அந்த நரம்புகளின் வேலை மிக அதிகமாக இருந்தது. சிபாப் என்ற காற்றழுத்தக் கருவியைப் போட்டுத் தூங்கியபோது குறைந்தது. இதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. "டென்ஷன்" என்று என் மனசின்மேல் போட்ட பழிக்கு உடம்பில் ஒரு காரணம் இருந்திருக்கிறது.

சிபாப் என்பது மூக்கு வழியாகத் தொடர்ந்து அழுத்தத்தோடு காற்று தந்து தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும் கருவி. சிட்னியில் காலின் சல்லிவன் குழு 1981-இல் இதை அறிமுகப்படுத்தியது. முதலில் வாடகைக்கு எடுங்கள், மாஸ்க் அளவு பொருந்திய பிறகு வாங்கலாம். என் இன்சூரன்ஸ் கருவிக்குப் பணம் தரவில்லை, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தண்ணீரை ஈரப்பதத் தொட்டியில் ஊற்றினால் உப்புப் படியும், டிஸ்டில்டு வாட்டர்தான் நல்லது. ஏசி அறையில் குழாய்க்குள் நீர்த்துளி சேர்ந்து மூக்கில் தெறிக்கும். ஈரப்பத அளவைக் குறைத்து, குழாய்க்குத் துணியுறை போட்டதும் சரியானது. மே மாதத்தில் ராத்திரி கரண்ட் போகும், அதனால் இன்வெர்ட்டர் லைனில் மாட்டியிருக்கிறேன். முதல் வாரங்களில் மூச்சு முட்டுவதுபோல இருந்தது. மாலையில் டிவி பார்க்கும்போது மாஸ்க்கைப் போட்டுப் பழகியதில் அது போனது.

டாக்டர் பெரிய வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை, அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. சிபாப்பால் பிபி சராசரியாகக் கொஞ்சம்தான் இறங்கும், என்னைப்போல மருந்துக்கு மசியாதவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கலாம் என்றார். ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ வந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், சிபாப் போட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள். அதனால் தூங்கும் நேரம் முழுக்கப் போடச் சொல்கிறார், கருவியில் பதிவாகும் நேரத்தை ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்.

இப்போது காலைப் பிபி 130-ஐ ஒட்டி இருக்கிறது. நான்காவது மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார், மற்ற மூன்றும் தொடர்கின்றன. ராத்திரி பிபி இறங்க ஆரம்பித்திருக்கிறது. துடிப்பில் ஒழுங்கின்மை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க அடுத்த மாதம் ஹோல்டர் என்ற, இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் சின்னக் கருவியை மாட்டப்போகிறார்கள்.