சோயாவோடு பத்து ராத்திரி

காதல் நகைச்சுவை நாவல் எனக்கு ஒத்துவராது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஒன்றையாவது முழுசாக முடித்துப் பார்ப்போம் என்று அனுஜா சௌஹானின் 'தி சோயா ஃபேக்டர்' எடுத்தேன். 2008இல் வந்த ஆங்கில நாவல். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடந்தது.

முதல் மூன்று நாள் தேறவில்லை. ஆங்கிலம் பரவாயில்லை, டெல்லி இந்திதான் அடிக்கடி குறுக்கே வந்து விழுந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் போனில் அர்த்தம் தேடி முடிப்பதற்குள் நகைச்சுவை ஆறிப்போய்விடும். நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்தேன். ஒரு வாரம் கழித்து மறுபடி முதலிலிருந்து. இந்த முறை தெரியாத சொல்லை அப்படியே தாண்டிப் போனேன். யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், திட்டு தானாகப் புரிந்துவிடுகிறது. சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் ஐம்பது பக்கம் ஓடியது.

சோயா சோலங்கி டெல்லி விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவள். 1983 ஜூன் 25, லார்ட்ஸில் இந்தியா உலகக் கோப்பையை ஜெயித்த நேரத்தில் பிறந்தவள். ஷூட்டிங் வேலையாக டாக்கா போன இடத்தில் கிரிக்கெட் வீரர்களோடு காலைச் சாப்பாடு. அன்றைக்கு அணி ஜெயிக்கிறது. அப்புறம் என்ன, அவள் கூட உட்கார்ந்து சாப்பிட்டால்தான் வெற்றி என்றாகி, ஊரே அவளைத் தேவியாக்கிவிடுகிறது. கேப்டன் நிகில் கோடாவுக்கு மட்டும் இந்த அதிர்ஷ்டக் கதையில் நம்பிக்கை கிடையாது. காதல் அவனோடுதான், வேறு யாரோடு!

சௌஹான் பல வருஷம் விளம்பரத் துறையில் இருந்தவர். பெப்சியின் 'யே தில் மாங்கே மோர்' என்ற விளம்பர வாசகம் அவர் எழுதியது. கோலா விளம்பரத்துக்காக ஆபீஸில் நடக்கும் அடிதடியெல்லாம் அதனால்தான் அவ்வளவு சுருக்கென்று இருக்கிறது. ஆட்டங்களின் வர்ணனை எனக்குக் கொஞ்சம் நீளம். சில பக்கங்களை மேய்ந்துவிட்டுத்தான் போனேன்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்தப் புகழ்தான். சோயா பாடவில்லை, நடிக்கவில்லை. சாப்பிட்டாள், பிரபலமாகிவிட்டாள். அவள் பக்கத்தில் இருந்து அணி ஜெயித்தால் பேர் அதிர்ஷ்டத்துக்குப் போகும். நெட்ஸ் பயிற்சியில் நாள் முழுக்க வெந்தவனுக்கு ஒன்றுமில்லை. 'அதிர்ஷ்டம் வேண்டாம்' என்று நிகில் சொன்னால், 'நீ வேண்டாம்' என்று அவள் காதில் விழுகிறது. இந்த வகைக் கதைகளில் ஒரு போன் போட்டால் தீர்ந்துபோகும் சண்டைதான் பெரும்பாலும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது அப்படித் தீராது.

சிரித்துக்கொண்டே படித்தேன், ஆனால் அதற்கு எனக்கு அருகதை இல்லை. 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று சித்தப்பா கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து தோனி ஒரு ஃபோர் அடித்தார். "அங்கேயே நில்லுங்க சித்தப்பா!" அதோடு சரி, ஆட்டம் முடிகிற வரை உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியாக ஸ்கோர் சொன்னோம். அந்தக் கடைசி சிக்ஸரை அவர் பார்க்கவே இல்லை.

படித்து முடித்த மறுநாள் அவரிடம் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"அந்தப் பொண்ணையாவது உள்ள கூப்பிட்டு சோறு போட்டாங்க" என்றார்.