புள்ளி ஓவியத்தை எந்தச் சுவரில் மாட்டுவது?

பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1889-90இல் சின்னஞ்சிறு வண்ணப் புள்ளிகளாலேயே வரைந்த ‘லெ ஷாயூ’, நெதர்லாந்தின் ஆட்டர்லோவில் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரிஸ் கேளிக்கை அரங்கு. நான்கு பேர் வரிசையாக நின்று காலை வீசி ஆடுகிறார்கள். முன்னால் டபுள் பேஸ் என்ற பெரிய நரம்பிசைக் கருவியை வாசிப்பவரின் முதுகு. கால், மீசை, உதட்டோரம் எல்லாமே மேல்நோக்கி ஏறும். ஏறும் கோடும் வெதுவெதுப்பான நிறமும் உற்சாகம் தரும் என்று சூரா உறுதியாக நம்பினார். இதன் அச்சுப்படியை வீட்டில் மாட்ட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தூரம்.

ஒரு மில்லிமீட்டர் புள்ளி சுமார் மூன்றரை மீட்டர் தள்ளி நின்றால்தான் கண்ணில் கரையும். மூலத்தின் உயரம் ஏறத்தாழ 170 செ.மீ. அச்சைச் சிறிதாக்கினால் புள்ளியும் சிறுத்து, பக்கத்திலேயே கலங்கிச் சாம்பலாகத் தெரியும். அதனால் 85 செ.மீ. உயரத்துக்குக் கீழே குறைக்காதீர்கள். சோபாவுக்குப் பின்சுவர் இதற்கு வீண்; வாசலிலிருந்து நடந்து வரும்போது எதிரே தெரியும் சுவர்தான் பொருத்தம். தொலைவில் ஆட்டம், கிட்டே வந்தால் ஆரஞ்சும் நீலமும் தனித்தனிப் புள்ளிகளாக.

படத்தின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட 6:5. ஆயத்தமாகக் கிடைக்கும் 24க்கு 36 அங்குலச் சட்டத்தை நிரப்பினால் பக்கவாட்டில் 6 அங்குலம் வெட்டுப்படும், ஓரத்து ஆட்கள் பாதியாகிவிடுவார்கள். சட்டத்தைச் சொல்லிச் செய்யுங்கள். தங்க நிறம் வேண்டாம், அது ஆரஞ்சுப் புள்ளிகளை விழுங்கிவிடும். மெல்லிய வெள்ளை போதும். கேன்வாஸ் அச்சும் வேண்டாம். நெசவின் முடிச்சுகளே பொய்ப் புள்ளிகளாகி ஓவியத்தோடு சண்டை போடும். பளபளப்பில்லாத பருத்தித் தாளில் இங்க்ஜெட் அச்சு, அங்குலத்துக்கு 300 பிக்சல், 85 செ.மீ.க்கு உயரவாக்கில் சுமார் 10,000 பிக்சல் உள்ள கோப்பு தேவை. சிறிய கோப்பை இழுத்துப் பெரிதாக்கினால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, நடனமே நின்றுபோகும்!

சுவர் வெளிர் சாம்பலாக இருக்கட்டும். மஞ்சள் சுவர் படத்தின் மஞ்சளை மங்கவைக்கும். விளக்கொளியின் நிறவெப்பம் 3000 முதல் 3500 கெல்வின், நிறத்துல்லியக் குறியீடு (CRI) 90க்கு மேல். மேலிருந்து 30 பாகை சாய்வில் விழுந்தால் கண்ணாடியில் பிரதிபலிப்பு குறையும். நேர்வெயில் படவே கூடாது.

படத்தின் நடு, தரையிலிருந்து 145 செ.மீ. இரண்டு திருகாணி போட்டால் சாயாது. மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் என்றால், சட்டத்தின் பின்மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டி 5 மி.மீ. இடைவெளி விடுங்கள், காற்று போகாவிட்டால் தாள் அலை அலையாக உப்பி, பூஞ்சை பிடிக்கும்.